மூலத்தில் உள்ளபடி திரெஸ்கார்

"அசையாதை பிள்ளை, அப்பிடியே நில்லு" என்று கிறிஸ்ரி சொல்லி முடிப்பதற்குள் துஷாந்தினி திரும்பிவிட்டாள். அவளோடு சேர்ந்து தலையில் இருந்த கொம்புகளும் திரும்பின. அலுமாரிக் கண்ணாடியில் சடாரென்று ஒரு சத்தம் கேட்டது.

குசினியிலிருந்து மனைவி யோசெப்பின் ஓடி வந்தாள். கலியாணத்தோடு வந்த அலுமாரி. வீட்டில் ஆள் முழுதாகத் தெரிகிற கண்ணாடி அது ஒன்றுதான். இப்போது நிலத்தில் கிடந்தது.

"இனி நான் எதில பாத்துச் சீலை உடுக்கிறது?"

"உடுத்துப்போட்டு என்னைக் கேளும். நான் பாத்துச் சொல்லுறன்" என்றார் கிறிஸ்ரி.

"ஓம், சொல்லுவீங்கள். கொசுவத்தில ஒரு கால்புள்ளி விடுபட்டிருக்கு என்டு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கிறிஸ்ரி கொழும்பில் வெளிவரும் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பவர். பிழை பிடிப்பது சம்பளத்துக்குச் செய்கிற வேலை என்றுதான் தொடங்கியது. பிறகு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், சாப்பாட்டுக் கடை விலைப்பலகை எதையும் விடமாட்டார். கொட்டாஞ்சேனைக் கோயிலின் அறிவித்தல் பலகையில் 'சிறப்பு பூசை' என்று இருந்ததைக் கண்டு, நடுவில் சிவப்புப் பேனையால் ஒரு 'ப்' செருகிவிட்டு வந்தவர். பங்குத் தந்தை அன்றிலிருந்து பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு வந்த நட்டம் ஒன்றே ஒன்றுதான். மகளின் வாட்ஸ்அப் செய்திகள் நின்றுபோயின.

போன வருடம் அவருடைய பிறந்தநாளுக்குத் துஷாந்தினி நீளமாக ஒரு வாழ்த்து எழுதி அனுப்பினாள். படித்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே பதில் எழுதினார்: "'வாழ்த்துக்கள்' அன்று, 'வாழ்த்துகள்' என்பதே சரி. மற்றப்படி நன்று." அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு. அமைச்சர்களின் அறிக்கைக்குக்கூட அவர் 'நன்று' போட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மகளிடமிருந்து வந்ததெல்லாம் தூக்கிய பெருவிரல் படம் மட்டுமே. சாப்பிட்டாயா என்றால் பெருவிரல். காய்ச்சல் விட்டதா என்றால் பெருவிரல். பெருவிரலில் பிழை பிடிக்க முடியாது அல்லவா.

அப்படியிருக்கப் போன மாதம் ஒரு செய்தி வந்தது. "அப்பா எனக்கு த்ரெஸ்கார் உடுப்பு செய்து தருவீங்களா ஸ்கிரீன்ல இருக்கிற மாதிரியே வேணும் ஒரு பிழையும் இருக்க கூடாது அதுக்கு நீங்க தான் சரி."

கிறிஸ்ரி அதை ஐந்தாறு தரம் படித்தார். தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, 'திரெஸ்கார்' என்று வரவேண்டும். 'எனக்குத்', 'உடுப்புச்', 'இருக்கக்' மூன்றிலும் ஒற்று இல்லை. விரல் தானாகப் போய் எழுத்துப் பலகையைத் தொட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை இழுத்துப் பிடித்தார். "சரி" என்று மட்டும் அனுப்பினார். இந்த உடுப்புச் சரிவந்தால் மகள் மறுபடியும் தன்னோடு கதைப்பாள் என்று அவருக்குப் பட்டது. சரிவராவிட்டால் பெருவிரலும் போய்விடும்.

திரெஸ்கார் ஒரு வெளிநாட்டுத் தொடரின் வில்லன். கறுப்புக் கவசம், கறுப்புக் கொம்பு, ஒரு தோளில் இரும்பு நகம். சிம்மாசனத்தை விட்டு எழும்பாமலே நாடு நாடாக அழிக்கிறவன். துஷாந்தினிக்கு அவனில் அப்படியொரு பிரியம். "கெட்டவன்தான் அப்பா, ஆனா ஒருத்தரையும் திருத்த வெளிக்கிடமாட்டான்" என்று ஒருமுறை சொன்னாள். கிறிஸ்ரி அது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். அவனைப் போல வேடம் போட்டுக்கொண்டு ரசிகர்கள் கூடுகிற விழா ஒன்று கொழும்பில் நடக்கப்போகிறதாம், திரையில் உள்ளதை அச்சொட்டாகச் செய்துவருகிறவருக்குப் பரிசாம்.

தொடர் இங்கே ஒளிபரப்பாவதில்லை. வெள்ளவத்தையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள், போனுக்கு உறை விற்கிற கடையில் பென்ட்ரைவைக் கொடுத்தால் முழுவதையும் ஏற்றித் தருவார்கள். வீட்டில் எல்லாரும் பார்த்தது அந்தப் பிரதியைத்தான். கிறிஸ்ரி அதற்கு 'மூலம்' என்று பெயர் வைத்தார். ரீவியில் திரெஸ்காரை நிறுத்தி வைத்துவிட்டு அடிமட்டத்தால் அளந்தார்.

"அப்பா, போஸ்டர்களில நகம் வலது தோளில இருக்கு. இதில இடது தோளில இருக்கு" என்றாள் துஷாந்தினி.

"போஸ்டர் கீறினவன் கவனமில்லாமல் கீறியிருப்பான். மூலத்தில எந்தப் பக்கம்?"

"இடது."

"அப்ப இடது."

"எல்லாப் போஸ்டரிலயும் வலது அப்பா."

"ஒருத்தன் விட்ட பிழையை மற்றவன் பாத்து எழுதுறது. ஒவ்வொரு நாளும் காணுறன்."

அதற்குப் பிறகுதான் அவர் அந்த எழுத்தைக் கண்டார். இருட்டு மண்டபத்தில் திரெஸ்கார் இருக்கும்போதெல்லாம் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே மங்கலான வெள்ளையில், சரிந்து, சுழி சுழியாக ஒரு வரி ஓடியது. எந்தப் போஸ்டரிலும் அது இல்லை.

யோசெப்பின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மலையாளம் மாதிரிக் கிடக்கு."

"பர்மா எழுத்தாக்கும்" என்றாள் துஷாந்தினி.

"அசுர லிபி. அவன்ர குல மந்திரமாயிருக்கும்" என்றார் கிறிஸ்ரி. இன்னொரு பாகத்தில் திரெஸ்காரின் கறுப்புக் குதிரையின் வயிற்றிலும் அதே வரி தெரிந்தது. அத்தோடு அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. "பாத்தீரே, அரசன்ர குதிரை. குறி சுட்டிருக்கிறாங்கள்." மற்றக் காட்சிகளெல்லாம் வெள்ளைப் பனியில் நடப்பதால் வேறெங்கும் எழுத்துத் தென்படவில்லை.

கறுப்பு ரெக்சினில் வெள்ளை நூலால் அந்த வரியைத் தைப்பது யோசெப்பினின் பொறுப்பாயிற்று. முதல் தரம் தைத்துக் கொடுத்தபோது கிறிஸ்ரி சிவப்புப் பேனையோடு வந்தார். மூன்றாவது எழுத்தின் வால் உள்ளே வளைய வேண்டும். பிரித்தாள். இரண்டாம் தரம் கடைசி எழுத்தின் சுழி போதாது. பிரித்தாள். மூன்றாம் தரம் இடைவெளி.

"உங்கட திரெஸ்காரை வரச்சொல்லுங்கோ, அவனே தைக்கட்டும்."

"கோவிக்காதையும். மூலத்தில உள்ளபடி வரவேணும்."

பிரித்துப் பிரித்துத் தைத்ததில் ரெக்சின் சுருங்கிவிட்டது. அதை நேராக்க அவர் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ரெக்சின் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது; கவசத்தின் முதுகில் பெட்டியின் உருவம் அப்படியே பதிந்துவிட்டது. முதுகை மறைக்க நீளமான மேலங்கி தேவைப்பட்டது. அதற்குச் செத்த வீடுகளுக்கென்று யோசெப்பின் வைத்திருந்த கறுப்புச் சீலை போனது. மேலங்கி நிலத்தில் இழுபட்டு மகள் தடக்கி விழுந்தாள். விழாமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினார். உயர்த்தியதும் கொம்பு மின்விசிறியில் மாட்டியது. விசிறியை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, ஒருவாறு உடுப்பை முடித்தார்கள்.

"எப்பிடியிருக்கு அப்பா?" முகமூடிக்குள் இருந்து மகள் கேட்டாள். உடைந்த கண்ணாடிக்கு இன்னும் மாற்று வரவில்லை. அவளால் தன்னைப் பார்க்க முடியவில்லை. கொம்பு இழுத்ததில் குனிந்து நெஞ்சைப் பார்க்கவும் முடியவில்லை.

கிறிஸ்ரி ரீவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மறுபடியும் ரீவியைப் பார்த்தார். "பிழை இல்லை" என்றார். அந்த இரண்டு சொல்லை அவர் வேறு எவருக்கும் சொன்னதில்லை.

விழாவுக்குப் பத்திரிகைக் கட்டு ஏற்றுகிற வான் வண்டியில், பின்பக்கத்தில் நின்றுகொண்டு போனார்கள். யோசெப்பின் வரவில்லை, இஸ்திரிப் பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் இன்னும் நான்கு திரெஸ்கார்கள் நின்றார்கள். நான்கு பேருக்கும் நகம் வலது தோளில். ஒருவனுக்கும் நெஞ்சில் எழுத்து இல்லை. துஷாந்தினியின் கால் பின்வாங்கியது.

"அப்பா, நாங்கள்தான் பிழை."

"நாலு பேர் சேர்ந்து விட்டாலும் பிழை பிழைதான்" என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்ரி ஒவ்வொரு திரெஸ்காரிடமும் தனித்தனியாகப் போய், மனம் நோகாத மாதிரி, நகம் இருக்க வேண்டிய இடத்தை விளங்கப்படுத்தினார். அதில் ஒரு பையன் பயந்துபோய்த் தன் நகத்தைக் கழற்றி இடது தோளில் மாட்டிக்கொண்டான்.

மகளோடு படம் எடுக்கப் பலர் வந்தார்கள். செல்ஃபிக்குள் கொம்பு அடங்காததால் எல்லாரும் தள்ளி நின்றே எடுத்தார்கள். கொம்போடு கழிவறைக் கதவுக்குள் நுழைய முடியாது என்று தெரிந்து, அவள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நடுவராக வந்தவன் மிதுஷன் என்ற தாடிக்காரப் பையன். துஷாந்தினியின் நெஞ்சை விரலால் காட்டினான். "அங்கிள், இது என்ன? நான் இந்தத் தொடரை நாலு தரம் பாத்தனான். இப்பிடி ஒன்டைக் காணேல்லை."

"நாலு தரம் பாத்தாக் காணாது தம்பி. மூலத்தோட வச்சு எழுத்தெழுத்தாப் பாக்கவேணும்" என்றார் கிறிஸ்ரி. "குதிரையின்ர வயித்தையும் பாத்தனீரோ?"

மிதுஷன் குதிரையின் வயிற்றைப் பார்த்திருக்கவில்லை. மற்ற நடுவர்களும் பார்த்திருக்கவில்லை. முப்பது வருட மெய்ப்பின் உறுதியோடு ஒரு மனிதர் நிற்கும்போது, பார்க்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. நுணுக்கத்துக்கான சிறப்புப் பரிசு துஷாந்தினிக்குக் கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கி வந்தவள் முகமூடியைக் கழற்றிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சின்னப் பிள்ளையாகத் தெரு கடக்கும்போது பிடித்த மாதிரியே இருந்தது அவருக்கு.

திரும்பிப் போக வான் இல்லை. ஓர் ஓட்டோவைப் பிடித்தார்கள். கொம்பைக் கிறிஸ்ரி மடியில் வைத்துக்கொண்டார்; பரிசுக் கிண்ணத்தை மகள் வைத்திருந்தாள். ஓட்டுநர் செல்லையா தெமட்டகொடைக்காரர், பிறந்தது மலையகத்தில். நன்றாகக் கதைக்கிறவர். ஆனால் ஏறியதிலிருந்து ஒன்றும் பேசாமல், தலைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும், தெருவைப் பார்ப்பதும், மறுபடியும் கண்ணாடியைப் பார்ப்பதுமாக வந்தார்.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஐயா, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. தங்கச்சி நெஞ்சுல 'திருட்டு பிரதி எடுக்காதே'ன்னு எழுதியிருக்கே, அது எதுக்கு?"

கிறிஸ்ரி முன்னுக்குக் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். தமிழ்தான். நல்ல தெளிவான தமிழ். மூன்று தரம் பிரித்துத் தைப்பித்த தமிழ். யாரோ ஒரு கள்ளன், தன்னுடைய கள்ளப் பிரதியை அடுத்த கள்ளன் எடுக்காமல் இருக்கப் படத்துக்கு மேலே போட்டுவைத்த வரி. அதையும் களவெடுத்த அடுத்தவன், தான் பிடிபடாமல் இருக்க, எழுத்தோடு சேர்த்துப் படத்தையே இடம் வலமாகத் திருப்பிவிட்டிருக்கிறான். அந்தக் குதிரைக்கு ஒருவரும் குறி சுடவில்லை. நான்கு திரெஸ்கார்களும் சரியாகத்தான் வந்திருந்தார்கள். நகத்தை மாற்றி மாட்டிய அந்தப் பையன் மட்டும் இப்போது பிழை.

"பிள்ளை…" என்று தொடங்கினார்.

துஷாந்தினியும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர் நினைத்தார். ஒரு பிழையும் இருக்கக் கூடாது என்று நம்பிக் கேட்ட பிள்ளை. இனிப் பெருவிரலும் வராது. கொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தன் கால்களைப் பார்த்தபடி இருந்தார்.

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. அவருடைய சேட் பைக்குள் போன் ஒருமுறை சிணுங்கியது. பக்கத்தில் இருந்த மகளிடமிருந்துதான் செய்தி வந்திருந்தது.

"அப்பா, 'திருட்டு' என்பதற்குப் பிறகு 'ப்' விடுபட்டிருக்கிறது. மற்றப்படி நன்று. வாழ்த்துகள்."