முதல் தேங்காய்

அம்மாவின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது.

தேசிகன் கையில் மிச்சமிருந்தது, ஒன்பது கெஜப் புடவை கட்டிய ஓர் உடம்பும், அது ஏந்திய தேங்காய்த் தட்டும், பக்கத்தில் கைகூப்பி நிற்கும் முதலாளியும்தான். பதினைந்து வருஷ பெங்களூர் ஈரத்தில் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவை நனைத்து இழுத்தால் அப்படியே வந்துவிடும் என்று சொன்னவரும் தேசிகன்தான், இழுத்தவரும் அவர்தான்.

"ஒண்ணும் ஆகலை," என்றார் தேசிகன். கூரை பிய்ந்து விழுந்தாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

தொம்மலூர் ஸ்ரீ அலர்மேல்மங்கா ஸ்டூடியோவின் விளம்பர மானேஜர் அவர். வெள்ளிக்கிழமை காலை பதினைந்தாம் ஆண்டு விழா. 'நாம் கடந்த மைல்கற்கள்' என்று ஒரு போர்டைத் திறக்கப்போகிறார்கள். 1950இல் இரண்டாவது படப்பிடிப்புத் தளம், 1954இல் மழை மெஷின், 1958இல் கன்றுக்குட்டி நடித்த படம் நூறு நாள். எல்லாவற்றுக்கும் தலைமேல், 1947இல் முதலாளி கஸ்தூரிரங்கனின் தாயார் அலர்மேல்மங்கை அம்மாள் தேங்காய் உடைத்து முதல் படப்பிடிப்பைத் தொடங்கிவைத்த போட்டோ.

புதிதாக ஒப்பந்தமாகும் நடிகர்கள் அந்தப் போட்டோவைக் கும்பிட்ட பிறகுதான் கையில் பேனா கொடுப்பார்கள். அது மாட்டியிருந்த ஆணியில் தெரியாமல் குடையை மாட்டிய காஷியர் அன்று மத்தியானமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அம்மாள் காலமாகி எட்டு வருஷம். "எங்கம்மா வந்து ஒடச்ச தேங்காய்டா! அதனாலதான் நம்ம படத்தைக் குடும்பத்தோட பாக்கறா," என்று முதலாளி சொல்லாத நாள் இல்லை. நெகடிவ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேசிகனுக்கோ தை மாசம் பெண் கல்யாணம்.

"முனிராஜ், ஒரு முகம் போடணும்," என்றார்.

முனிராஜ் ஸ்டூடியோவின் போஸ்டர் ஓவியன். ஸ்டில் காமிராவும் அவன் கையில்தான். அரை மணியில் முகத்தைப் போட்டுக் கொடுத்தான். சாந்தமான முகம்தான். ஆனால் கன்னத்தில் முத்து முத்தாகக் கண்ணீர்.

"முகூர்த்தத்துல எதுக்குடா அழறா?"

"ஃபேமிலி பிக்சர்னா அம்மா அழணும் சார். நான் சேந்த நாள்லேருந்து அதானே வரையுறேன்!"

"தொடைச்சுடு. ஒண்ணும் ஆகாது."

முனிராஜ் துடைத்தான். கண்ணீரோடு முகமும், முகத்தோடு தட்டும், தட்டோடு முதலாளியும் சுருண்டு வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வாசலில் நின்றார். "தேசிகன், ஆணி காலியா இருக்கே. அம்மா எங்கே?"

தேசிகன் வேஷ்டி நுனியால் மேஜையை மூடினார். "பெரிசு பண்ணக் கொடுத்திருக்கேன் ஸார். சும்மா இல்லே, ஆள் உயரத்துக்கு!"

"ஆள் உயரமா?" முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "அம்மாவை நேர்ல பாக்கற மாதிரி இருக்குமேய்யா."

அவர் போனதும் முனிராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "தபால் தலை சைஸ்னாக்கூட ஏதாச்சும் பண்ணியிருக்கலாம் சார்."

"போட்டோ போனா என்ன? மறுபடி எடுத்துட்டாப் போச்சு. நாம நடத்தறது சினிமா கம்பெனிடா!"

மறுநாள் காலை, போட்டோவில் இருந்தபடியே பழைய சினிமா காமிராவைக் கோடவுனிலிருந்து இழுத்துவந்து, அதே வடக்குச் சுவரோரம் நிறுத்தினார்கள். அம்மாவுக்குக் கான்டீன் லட்சுமம்மாவைப் பிடித்தார் தேசிகன். ஸ்டூடியோ தொடங்கிய நாளிலிருந்து காபி போடுகிறவள். நரைக்கு பவுடர், உடைக்கு ஒன்பது கெஜம்.

"முகத்தைப் பாதி திருப்பிண்டா போறும். பயப்படாதே."

"ஆகலி சாமி, நிக்கறேன்," என்று அவள் நேராகப் போய் சுவரில் விரிசல் இருந்த இடத்தில் நின்றாள். "தட்டு இடது கையில."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் ஆபீஸ் ரூமுக்குக் காபி எடுத்துட்டுப் போறேனே, போட்டோவப் பாக்கமாட்டேனா?"

தேசிகன் அவள் கூர்மையை மெச்சினார். அதைவிடத் தன் தேர்வை மெச்சினார்.

முதலாளி வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் தேசிகனே, கதாநாயகன் விக்கை மாட்டிக்கொண்டு, காமிராவுக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டிக் கைகூப்பினார். முனிராஜ் படம் எடுத்தான். கழுவிப் பார்த்தால் பின்சுவரில் 1962 காலண்டர். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை தேசிகன் கையில் கைக்கடிகாரம். மூன்றாவது தடவை விக் காற்றில் எழும்பியது. அதற்குள் பதினாலு தேங்காய் ஆகிவிட்டது. கான்டீனில் இரண்டு வேளையும் தேங்காய்ச் சட்னிதான். நாலாவது சரியாக வந்தது. அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, புதுப் பளபளப்புப் போக மேலே காபி டிகாக்ஷனைத் தடவினார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி திரையை இழுத்தார். தேசிகனுக்குப் பெண்ணின் கல்யாணப் பந்தல் கண்ணெதிரே சரிவது போலிருந்தது.

முதலாளி போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். காபித் தட்டோடு ஓரமாக நின்ற லட்சுமம்மாவைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அம்மா அப்படியே இருக்கா, இல்லே தேசிகன்?"

"அச்சு அசல் ஸார்!"

"ஒனக்கு இந்த மாசத்துலேருந்து சம்பள உயர்வுய்யா," என்று முதலாளி மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

தேசிகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லட்சுமம்மாவிடம் போனார். இந்த ஊரிலேயே தன்னைப்போல ஒரு மூளைக்காரன் கிடையாது என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதோ பாரு, போட்டோவுல நிக்கறது நீதான்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. உயிர் போனாலும் வாயைத் தெறக்காதே."

லட்சுமம்மா அடுத்த டம்ளரை நிரப்பிக்கொண்டே சொன்னாள்:

"பெரியம்மா வரமாட்டேன்னுட்டாங்கன்னு பழைய போட்டோவுக்கு என்னைய நிக்கவெச்சப்பவும் மொதலாளி இதையேதான் சாமி சொன்னாரு. பதினஞ்சு வருஷமா யாருகிட்டயாச்சும் சொன்னேனா?"