வடிவு எருமைக்கு வியர்க்காத கதை

ஒரு காட்டில் கோடை வந்தது. கோடை எல்லாக் காட்டுக்கும்தான் வரும். இந்தக் காட்டில் கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

"கீழ்க்குளம் வற்றிவிட்டது. வரும் பௌர்ணமியன்று மலைமேல் உள்ள மேல்குளத்துக்கு வழி திறக்கப்படும். ஏறும்போது யாராவது மயங்கி விழுந்தால் காட்டுச் சபை பொறுப்பல்ல. ஆகவே உடல்தகுதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே ஏறலாம்."

இதைக் கேட்டு மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கவலைப்பட்டது வடிவு என்ற எருமைதான். மானுக்கும் முயலுக்கும் தண்ணீர் என்பது குடிக்கத்தான். பாறை இடுக்கில் கசிவதை நக்கியாவது காலத்தைத் தள்ளிவிடுவார்கள். எருமைக்கு அது காணாது. உச்சிவெயிலில் கழுத்துவரை முங்கிக் கிடக்காவிட்டால் தோல் பாளம் பாளமாக வெடிக்கும். கீழ்க்குளத்திலோ நடுவில் கொஞ்சம் சேறுதான் மிச்சம். அதைத் தூர் வார வேண்டும் என்று சபையில் பதினோரு வருடமாகப் பேசிவந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

சீட்டு கொடுக்கும் உரிமை ஒரு நரிக்குக் கிடைத்திருந்தது. குளிர்நாட்டுக்காரர்கள் அறையைச் சூடாக்கி அதற்குள் உடற்பயிற்சி செய்வதை, யாரோ தவறவிட்டுப்போன கைபேசியில் அது பார்த்திருந்தது. உடனே தன் குகைக்குள் தீ மூட்டி, வாசலில் 'சூட்டுக்கூடம்' என்று பலகை மாட்டி, தன்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். வகுப்புக்குக் கட்டணம் ஒரு கட்டு காய்ந்த புல். அந்தப் புல்லைத்தான் உள்ளே எரித்தார்கள். தங்களை வேகவைக்கும் புல்லைத் தாங்களே சுமந்துகொண்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"மாஸ்டர், வெளியிலேயே நெருப்பா கொட்டுது. உள்ள எதுக்குத் தனியா ஒரு சூடு?" என்று கேட்டது பவளம். வடிவின் முதுகில் குடியிருக்கும் உண்ணிக்கொக்கு அது. வடிவு வாய் திறக்கக் கூசும் இடத்திலெல்லாம் பவளம் பேசிவிடும்.

"வெளியே இருப்பது சும்மா கிடைக்கிற சூடு. இது முறையான சூடு."

"முறையான சூட்டுல என்ன ஆகும்?"

"உடம்பு இளகும். கழிவு வெளியேறும். முடித்து வெளியே வந்தால் குளுகுளு என்று இருக்கும்."

கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. குகையிலிருந்து வந்தவர்கள் உச்சிவெயிலில் நின்று, "ஆகா, என்ன காற்று!" என்றார்கள்.

கைவிடப்பட்ட அரிசி மில்லிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த மூட்டைத் தராசு ஒன்று வாசலில் இருந்தது. உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை. ஒரே வகுப்பில் மூன்று கிலோ குறைந்தால் சீட்டு. சீட்டு கைக்கு வரும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் குறைந்த மூன்று கிலோவும் திரும்பி வந்துவிடுகிறது என்பதை மாஸ்டர் முதல் நாளே கவனித்துவிட்டார்.

முதல் சீட்டு ராஜதுரைக்கு. ஜட்கா வண்டியிலிருந்து ஓய்வு பெற்று வந்த குதிரை அவர். புல்கட்டை இறக்கி வைத்தாலே நுரை தள்ள வியர்க்கும். தினமும் வந்து தினமும் ஒரு சீட்டு வாங்கினார்.

வடிவு முதல் நாள் மரியாதைக்காக உடம்பை மரத்தில் தேய்த்துச் சுத்தமாகப் போனாள். முப்பது தோப்புக்கரணம் போட்டாள். கரடி பத்தில் உட்கார்ந்துவிட்டது. ராஜதுரை ஆறில் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வெளியே வந்து தராசில் ஏறியபோது வடிவுக்கு அரைக்கிலோகூடக் குறையவில்லை.

மாஸ்டர் படிவத்தைப் பார்த்தார். "'எவ்வளவு வியர்த்தது?' என்ற கட்டம் காலியாக இருக்கிறதே."

"எங்களுக்கு அவ்வளவா வியர்க்காது மாஸ்டர்," என்றாள் வடிவு, தரையைப் பார்த்தபடி.

"வியர்க்கவில்லை என்றால் உழைக்கவில்லை."

"வேணும்னா அவ மலை ஏறிக் காட்டட்டுமே," என்றது பவளம்.

"சீட்டு இல்லாமல் எப்படி ஏறுவாள்?"

"ஏறினாத்தானே தகுதி இருக்கான்னு தெரியும்?"

"தகுதி இருந்தால் சீட்டு வாங்கியிருப்பாளே!"

பவளம் படிவத்தை ஒரு கொத்து கொத்திவிட்டு வடிவின் முதுகில் ஏறிக்கொண்டது.

ஐந்து நாள் இப்படியே போயிற்று. ஆறாம் நாள் வடிவு மனம் வெறுத்துக் குளத்தின் கடைசிச் சேற்றில் போய்ப் படுத்தாள். படுத்தவள் தூங்கிவிட்டாள்.

"ஏய் வடிவு, வகுப்புக்கு நேரமாச்சுடி! எந்திரி!" பவளம் காதைக் கொத்தி எழுப்பியது.

உடம்பெல்லாம் அப்பிய சேற்றோடு அவள் ஓடினாள். தராசில் ஏறினாள், உள்ளே போனாள், தோப்புக்கரணம் போட்டாள். குகைச் சூட்டில் சேறு காய்ந்து, வெடித்து, பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே வந்து தராசில் நின்றாள்.

பதினெட்டுக் கிலோ குறைந்திருந்தது.

"பதினெட்டா!" மாஸ்டருக்கு வால் நிமிர்ந்துவிட்டது. உள்ளே ஓடித் தரையில் கிடந்த குவியலைப் பார்த்தார். "எல்லோரும் வாருங்கள்! எத்தனை வருடக் கழிவு பாருங்கள்!"

"மாஸ்டர், அது சேறு," என்றாள் வடிவு.

"ஆமாம். உள்ளே சேர்ந்த சேறு."

"இல்லை மாஸ்டர், குளத்துச் சேறு..."

"எவ்வளவு அடக்கம் பாருங்கள்!"

வடிவுக்குச் சீட்டு கிடைத்தது. அதைவிடப் பெரிய மரியாதையாக, மறுநாள் வரிசையில் நின்ற கரடி அவளை ஓரங்கட்டிக் காதோடு கேட்டது: "வடிவக்கா, வகுப்புக்கு முன்னாடி என்ன பண்ணீங்க? மறைக்காம சொல்லுங்க."

"குளத்துல புரண்டேன்."

அவ்வளவுதான். அன்று முதல் காடே குளத்தில் புரண்டுவிட்டு வகுப்புக்குப் போயிற்று. மாஸ்டர் அதற்கு 'முன்தயாரிப்பு' என்று பெயர் வைத்தார். கரடியின் முடியில் மட்டும் ஒரு தடவைக்கு நாற்பது கிலோ போயிற்று. காய்ந்து விழுந்ததைக் குகைக்குப் பின்னால் கொட்டக் கொட்ட, அங்கே ஒரு குன்று எழுந்தது. கூட்டத்தில் புரளக் கூச்சப்பட்ட வடிவு குளத்துப் பக்கமே போகவில்லை. முதுகுத்தோல் இரண்டு இடத்தில் வெடித்தது. பௌர்ணமிக்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பௌர்ணமியன்று விடிந்ததும் மலைப்பாதை திறந்தது. வாசலில் முள்ளம்பன்றி நின்று சீட்டுப் பார்த்தது. ராஜதுரை பதினான்கு சீட்டுகளையும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு முதலில் ஏறினார். எடை ஏறிவிடக் கூடாது என்று இரண்டு நாளாகத் தண்ணீர் தொடவில்லை. இரண்டாவது வளைவில் முழங்கால் மடங்கி விழுந்தார்.

"மயங்கிட்டாருங்க!" என்று கத்தியது பவளம்.

முள்ளம்பன்றி வந்து மாலையை எண்ணியது. "பதினாலு சீட்டு. இவர் மயங்க முடியாது. தகுதியோட படுத்திருக்கார்."

வடிவு மேலே பார்த்தாள். மேல்குளத்துக்கு இன்னும் அரைநாள் ஏற்றம். கீழே பார்த்தாள். குளத்தில் ஈரச் சேறு கொஞ்சமாவது இருக்கும். கரடி தூக்கிவிட, ராஜதுரையை முதுகில் வாங்கிக்கொண்டாள்.

"இறங்கினா உன் சீட்டு செல்லாது," என்றது முள்ளம்பன்றி. "ஒரு தடவை ஏறத்தான்."

வெடித்த முதுகில் குதிரையின் கனம் எரிந்தது. வடிவு கீழ்நோக்கித் திரும்பி இறங்கினாள்.

ஒரு குதிரையைச் சுமந்துகொண்டு மலை இறங்கிய அவளுக்கு அப்போதும் வியர்க்கவில்லை.

குளத்துக்கு வந்து கரையில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். ஒன்பது நாள் புரண்டு புரண்டு, ஒட்டிக்கொண்டு போன சேறெல்லாம் போய், குளம் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தூர் வாரப்பட்டிருந்தது. முந்தைய இரவு அடியில் ஊற்றுக்கண் திறந்து, கரையின் பாதிக்குத் தண்ணீர் நின்றது.

தண்ணீர் மூக்கில் பட்டதும் ராஜதுரை கண் விழித்தார். "இப்ப என் எடை எவ்வளவு?" என்றார்.

சேதி பரவியது. மாலைக்குள் குளக்கரையில் ஒரு பலகை முளைத்தது: 'சூட்டுப் பயிற்சியின் நிரூபிக்கப்பட்ட பலன். திறந்து வைப்பவர்: மாஸ்டர்.' பக்கத்தில் முள்ளம்பன்றி வந்து நின்றது. "குளத்துல இறங்கச் சீட்டு வேணும். சீட்டு இல்லாதவங்க வெளிய வாங்க!"

அதற்குள் குளத்தில் இறங்கி நின்ற வடிவின் சீட்டு எப்போதோ தண்ணீரில் ஊறிக் கரைந்திருந்தது. அவள் மெதுவாக உடம்பை இறக்கினாள். முதுகு போயிற்று, கொம்பு போயிற்று. கடைசியில் தண்ணீருக்கு மேலே இரண்டு மூக்குத் துவாரங்களும், அவற்றின் நடுவே ஒற்றைக்காலில் ஒரு கொக்கும் மட்டும் இருந்தன.

"இங்க யாராவது இருக்காங்களா?" என்றது முள்ளம்பன்றி.

"யாருமில்லை," என்றது பவளம்.

நீதி: சூடான அறையில் உடற்பயிற்சி செய்தால் குளம் ஆழமாகும். உடம்புக்கு என்ன ஆகும் என்பதைக் குதிரையிடம் கேட்டுக்கொள்ளவும்.