ஜன்னல் என் தொழில் இல்லை

முதலில் தப்புச் செய்தவன் என் மச்சினன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பின்னால் நீங்கள் என்மேல் குறை சொல்ல வரும்போது, யார் ஆரம்பித்தது என்பதில் குழப்பம் வரக்கூடாது.

என் கல்யாணத்தன்று அவன் கையில் ஒரு காமிரா இருந்தது. இரவல் காமிரா. "போட்டோக்காரர் எதுக்கு அத்தான், நான் இருக்கேன்" என்றான். எடுத்ததில் ஒரே ஒரு படம்தான் தேறியது. அதில் என் மனைவி முழுதாக இருக்கிறாள், செருப்பிலிருந்து உச்சிவரை. அவள் குள்ளம். பக்கத்தில் நான் இருக்கிறேன், கழுத்துவரை. நான் உயரம். கழுத்துக்கு மேலே படம் முடிந்துவிட்டது.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவன் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "கோட்டு உங்களுக்கு நல்லா பொருந்தியிருக்கு அத்தான்" என்றான்.

முப்பது வருஷமாக அந்தப் படம் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் "பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்கிறார்கள். கழற்றலாம் என்றால் என் மனைவி விடமாட்டாள். "அதுல நான் நல்லா இருக்கேன்" என்பாள். மச்சினன் வேறு தேசத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டான். அவன் போன் வந்தால் நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவேன். தலை போன பிறகு என்ன பேச்சு?

நான் பூட்டுக்காரன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. பூட்டு ஒத்துவந்தது. இந்த ஊரில் நான் திறக்காத பூட்டு, இனிமேல் யாராவது செய்தால்தான் உண்டு.

போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடும்போது அவள் எதிரில் வந்து உட்கார்ந்தால், செரிக்காத சமாச்சாரம் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"என்னங்க, என் தம்பி பொண்ணுக்கு நம்ம ஊர்ல பயிற்சி கிடைச்சிருக்கு. காது கேக்கறதுக்கு மெஷின் செய்யற கம்பெனி. ஆறு மாசம்."

"நல்லதாச்சு. காது கேக்காதவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

"இதோட மூணாவது தடவை சொல்றேன்."

என் இடது காது கொஞ்சம் சோம்பேறி. அவ்வளவுதான். அதைச் செவிடு என்று சொல்வது அவள் குடும்பத்து வழக்கம்.

"அவ இங்க வந்து இருக்கறதுக்கு அனுமதி வாங்கணுமாம். தங்க இடம் இருக்குன்னு இந்த ஊர்க்காரங்க ஒருத்தர் உறுதி சொன்னாத்தான் குடுப்பாங்களாம். தனி அறை, கட்டில், காத்து, வெளிச்சம், பூட்டிக்கிற மாதிரி கதவு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அனுமதி கிடையாது. அனுமதி வரலேன்னா அந்த இடத்த வேற யாருக்காவது குடுத்துடுவாங்களாம். பாவம், ரெண்டு வருஷமா இதுக்காகப் படிச்சுக்கிட்டிருக்கா."

"பாவந்தான்."

"நம்ம சின்ன அறை சும்மாதானே கிடக்கு."

சும்மா கிடக்கிறதாம். என் பழைய பூட்டுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கீல்கள், தாழ்ப்பாள்கள், ஓடாத மின்விசிறி, ஒரு கால் போன நாற்காலி, நாற்காலி போன ஒரு கால். நடுவில் ஒரு கட்டில்கூட உண்டு, தேடிப் பார்த்தால் கிடைக்கும். ஒரே குறை, அந்த அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். பூட்டுப் போடுங்கள், பூட்டுப் போடுங்கள் என்று அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஊராருக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வருகிறவனை, வீட்டுக்கு வந்தும் பூட்டுப் போடு என்றால்?

"குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடணுமாம்" என்றாள்.

"தலைவரா? உன் தம்பி எடுத்த படத்துல எனக்குத் தலையே இல்லையே."

"கை இருக்கில்ல. கையெழுத்துக்கு அது போதும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல் அகராதியில் இருக்கிறதே தவிர வீட்டில் இல்லை. பேனாவை எடுத்தேன். எடுக்கும்போதுதான் அவள் சொன்னாள்: "கையெழுத்துப் போட்ட பிறகு அலுவலகத்துலேர்ந்து ஒருத்தர் வந்து அறையைப் பாத்துட்டுப் போவாராம்."

பார்க்க முடிந்தால்தானே?

எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பெரிய மனசோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் மறுக்கவில்லை. மறுக்கப்போவது பூட்டு. பூட்டோடு யாரும் சண்டை போட முடியாது.

அடுத்த நாளே வேலையை ஆரம்பித்தேன். கடையில் கிடந்த மிச்சச் சாமான்களையும் கொண்டுவந்து அந்த அறையில் கொட்டினேன். கட்டில் மறைந்தது. கயிற்றை அவிழ்த்துப் போட்டேன். என்னிடமிருந்ததிலேயே நல்ல பூட்டு ஒன்றை, எவ்வளவோ பேர் விலைக்குக் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்ததை, கதவில் பொருத்தினேன். நகைக்கடைப் பெட்டகத்துக்குப் போடுகிற ஜாதி. பூட்டினேன். சாவியை என் கால்சட்டைப் பைக்குள் தொலைத்தேன்.

அலுவலர் வரும் நாளில் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். காலையிலேயே அவள் வந்து கேட்டாள்.

"சாவி எங்கங்க?"

"தொலைஞ்சுபோச்சு."

"சரி" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் கத்தினால் நல்லது. அழுதால் சமாளிக்கலாம். "சரி" என்றால் புருஷனாகப்பட்டவன் வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும். நான் ஓடவில்லை. கதவுக்குக் காவல் இருந்தேன்.

அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரியோடு முற்றத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் எங்கோ தடால் என்று ஒரு சத்தம். என் நல்ல காது வாசல் பக்கம் இருந்தது. சோம்பேறிக் காதுக்குப் பாதிதான் வந்தது.

"என்ன சத்தம்?" என்று உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"மெத்தை தட்டறோம்" என்றாள் வெளியிலிருந்து.

"மெத்தை இப்படியா சத்தம் போடும்?"

"பழைய மெத்தை அண்ணே" என்றாள் தையல்காரி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "நல்ல கனம்."

எனக்கென்ன? பெண்கள் வீடு சுத்தம் செய்தால் குறுக்கே போகக்கூடாது. போனால் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

மதியத்துக்கு முன்னால் அலுவலர் வந்தார். சின்ன வயசு. கையில் அளக்கிற டேப். வந்ததும் கூடத்தை அளந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"இவர்தான்" என்று என் மனைவி என்னைக் காட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு, "தோள் அதே தோள்தான்" என்றார். நல்ல பிள்ளை. வேறொரு நாளாக இருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

"இதுதான் அந்த அறையா? திறங்க சார்."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். "சாவி தொலைஞ்சுபோச்சு தம்பி. எனக்கே ரொம்ப வருத்தமா இருக்கு."

"பாக்காம நான் எழுத முடியாதே. மறுபடி வரணும்னா ரெண்டு மாசமாவது ஆகும்."

"அதுக்குள்ள பயிற்சி ஆரம்பிச்சுடும். இடம் போயிடும்" என்றாள் என் மனைவி.

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். படம் எடுத்தவன் தகப்பன். மகள் என்ன செய்தாள்? அவள் அப்போது பிறக்கவே இல்லை. ஒரு கணம் என் கை கால்சட்டைப் பை வரைக்கும் போனது. பிறகு சுவரில் என் கழுத்தைப் பார்த்தேன். கை திரும்பிவிட்டது.

"பரவாயில்லைங்க, ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க" என்று என் மனைவி அலுவலரிடம் சொன்னாள். "அடுத்த தெருவுல ஒரு பூட்டுக்காரர் இருக்கார். கூப்பிட்டா வந்து திறந்துடுவார்."

"சாரும் பூட்டு வேலைதானே? வாசல்ல பலகை பாத்தேனே."

"ஒரு காலத்துல செஞ்சார். இப்ப வயசாயிடுச்சு. சாதாரணப் பூட்டுன்னா எப்படியாவது தட்டித் திறந்துடுவார். இது பெரிய பூட்டு. இவரால ஆகாது. பாவம், அவர வற்புறுத்தாதீங்க."

அடுத்த தெருப் பூட்டுக்காரனைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் வேலை கற்றவன். கற்று முடிக்கும் முன்பே போய் எனக்கு எதிராகக் கடை போட்டவன். என் பகையாளிகளில் மச்சினனுக்கு அடுத்த இடம் அவனுக்குத்தான். அவன் பூட்டைத் திறக்கிற கருவிக்குப் பெயர் சுத்தியல்.

"ஆமா சார், இது கஷ்டந்தான்" என்றார் அலுவலர், குனிந்து பார்த்து. "பெட்டகப் பூட்டு மாதிரி இருக்கு. அவரையே கூப்பிடலாம்."

"யாரு, அவனா? என் வீட்டுக்கா?" என்றேன். "எங்கே என் பூட்டுத் திறக்கிற கம்பி?"

கம்பியை என் மனைவி ஏற்கெனவே கையில் வைத்திருந்தாள். அது ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

மண்டியிட்டேன். வளைத்த கம்பி ஒன்று, தட்டைக் கம்பி ஒன்று. பைக்குள் இருந்த சாவி தொடையில் குத்திக்கொண்டே இருந்தது, ஞாபகப்படுத்துகிற மாதிரி. நான் கவனிக்கவில்லை. உள்ளே ஒவ்வொரு பல்லாக எழுந்து எனக்கு வழிவிட்டது. கடைசிப் பல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. தாஜா செய்தேன். அலுவலர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். சடக்.

"அடேயப்பா" என்றார் அவர். "அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

"இப்ப சொல்லு, யாருக்கு வயசாச்சு?" என்று நிமிர்ந்து என் மனைவியைக் கேட்டேன். கதவைத் தள்ளிவிட்டேன். கதவு திறந்து போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது திறக்கக்கூடாத கதவு என்பது ஞாபகம் வந்தது.

போகட்டும், உள்ளேதான் என் சாமான்கள் இருக்கின்றனவே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன்.

துவைத்த விரிப்புப் போட்ட கட்டில். ஒரு சின்ன மேஜை, விளக்கு. தரையில் முகம் பார்க்கலாம். ஒரு ஆணிகூட இல்லை. எதிரில் ஜன்னல், கம்பி இல்லாத அகலமான ஜன்னல், இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது. அதற்கு வெளியே முற்றத்தில் தையல்காரி உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணே" என்றாள், என் வீட்டுக்குள் இருந்த என்னைப் பார்த்து.

நாற்பது வருஷமாகக் கதவு கதவு என்றே இருந்துவிட்டேன். கதவைக் கேளுங்கள், சொல்வேன். ஜன்னல் என் தொழில் இல்லை.

அலுவலர் அறையை அளந்தார். ஜன்னலை மூடித் திறந்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "எல்லாம் சரியா இருக்கு. முக்கியமா இந்தப் பூட்டு. பல வீட்டுல அறை இருக்கும், கதவுக்குப் பூட்டு இருக்காது. அதனாலயே எத்தனையோ பேருக்கு அனுமதி நின்னுபோயிருக்கு. உங்க மச்சினர் பொண்ணுக்காக இவ்வளவு நல்ல பூட்டாப் போட்டிருக்கீங்களே சார்."

"அவருக்கு அவ மேல அப்படி ஒரு பாசம்" என்றாள் என் மனைவி. "நான் எத்தனை வருஷமா கேட்டும் போடாதவர், அவளுக்குன்னதும் உடனே போட்டார்."

அவர் போன பிறகு படுத்தால் தேவலை போலிருந்தது. படுக்கையறைக்குப் போனேன். கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. ஒருக்களித்து உள்ளே நுழைந்தேன். முற்றத்துப் பக்கம் அதற்கும் ஒரு ஜன்னல் உண்டு. என் பூட்டு, கீல், தாழ்ப்பாள், ஓடாத மின்விசிறி, ஒரு கால் போன நாற்காலி, நாற்காலி போன கால் எல்லாம் கட்டிலில் என் பக்கமாகப் படுத்திருந்தன.

"உன் பக்கம் மட்டும் சுத்தமா இருக்கே?" என்றேன்.

"என் பக்கத்துல நான் தூங்க வேண்டாமா?"

ஒரு வாரம் கூடத்தில் படுத்தேன், தலையில்லாத என் படத்துக்கு நேர் கீழே.

அனுமதி கிடைத்துவிட்டது என்று போன் வந்த அன்று அவள் சமையலறையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் இடம் போகவில்லை. என் நெஞ்சிலிருந்தும் ஏதோ இறங்கியது. இதை வெளியில் சொல்ல வேண்டாம்.

"உங்ககிட்ட பேசணுமாம்" என்று போனை என் நல்ல காதில் வைத்தாள். முற்றத்துக்குப் போக நேரம் கொடுக்கவில்லை.

"அத்தான்" என்றான் மச்சினன். "நீங்க செஞ்சத நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன்."

"ம்."

"இன்னொண்ணும் சொல்லணும் அத்தான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வந்துவிட்டது. நாற்காலியை இழுத்து நேராகப் போட்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷமாகக் காத்திருந்த மன்னிப்பை நின்றுகொண்டு வாங்கக்கூடாது. "சொல்லு" என்றேன்.

"விமான நிலையத்துக்கு நீங்கதான் போய் அவளக் கூட்டிட்டு வரணும். கேக்கவே சங்கடமா இருக்கு. நீங்க அவளப் பாத்ததில்லையே, அடையாளம் தெரியறதுக்காக நானே ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

என் மனைவி படத்தைத் திறந்து காட்டினாள். புதுச் செருப்பு. பக்கத்தில் சிவப்புப் பெட்டி. நீல நிறத்தில் நல்ல கோட்டு. கோட்டுக்கு மேலே கழுத்து. கழுத்துக்கு மேலே படம் முடிந்துவிட்டது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். பெற்ற மகள். அவளுக்கும் தலை இல்லை. அப்படியென்றால் என்னை அவன் வேண்டுமென்று வெட்டவில்லை. அவன் காமிரா பிடித்தால் அப்படித்தான். யாராக இருந்தாலும் கழுத்தோடு சரி. நெஞ்சுக்குள் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பூட்டு தானாகவே திறந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவியும் சிரித்தாள். அவள் என்னோடு சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆயிற்று. பெரும்பாலும் தனியாகத்தான் சிரிப்பாள்.

ஆனால் கணக்கு வேறு, சிரிப்பு வேறு. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை நான் மறந்துவிடவில்லை.

"நல்லா கேட்டுக்கோ" என்றேன். "பொண்ணு வரட்டும், இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா உன் தம்பி எனக்கு ஒரு தலை பாக்கி வெச்சிருக்கான். அது எனக்கு வந்தாகணும்."

அவள் சுவரிலிருந்த படத்தை முந்தானையால் துடைத்து நேராக்கினாள்.

"வந்தா மட்டும்? உபயோகிக்கவா போறீங்க?"