சம்பளம் வருகிற வழி

"ஏங்க, பேங்க்லேர்ந்து ஓ.டி.பி. நம்பர் வந்திருக்கு. படிக்கவா?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டதும் கேஷியர் போனும் கையுமாக எழுந்து ஓடினார்.

கணக்குத் தொடங்கிய காலத்தில் அவரிடம் போன் கிடையாது. மனைவியின் எண்ணைக் கொடுத்துவிட்டார். அதனால் மனைவியிடம் எதை மறைப்பதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் மறைக்க வேண்டும். தலையெழுத்து!

துணிக்கடைக்கு வருகிறவர்களெல்லாம் போனைக் காட்டிப் பணம் கட்டத் தொடங்கியதும், கல்லாவுக்கு ஆள் வேண்டாமென்று முதலாளி போன வருஷமே அவரை அனுப்பிவிட்டார். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. இன்னமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, நூலகத்தில் பேப்பர் படித்துவிட்டு, உழைத்த களைப்போடு திரும்புகிறார். பழைய சேமிப்புக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாதாமாதம் தானாகவே 'சம்பளம்' போய்விடும். சேமிப்பில் மீதி எவ்வளவு என்று பார்க்க மட்டும் அவருக்குத் தைரியமில்லை.

இப்போது மகளின் படிப்புக் கடனுக்கு, கடன் கொடுக்கிறவர்கள் அப்பாவின் எல்லாக் கணக்குகளையும் பார்க்க அனுமதி கேட்டார்கள். மகள் அவர் போனை வாங்கி, கேட்டதற்கெல்லாம் சம்மதம் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு எல்லாக் கணக்கும் ஒரே பக்கத்துல வந்துடும்பா. மூணு பேரும் உக்காந்து பார்த்துடலாம்."

அந்தச் சம்மதத்தை ரகசியமாக ரத்து செய்ய அவர் கேட்டதுதான் இந்த நம்பர்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"கரண்ட் பில்லு."

"அதை நேத்தே நான் கட்டிட்டேனே!"

"இது அடுத்த மாசத்துக்கு."

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டு, நம்பரைப் படித்தாள். சம்மதம் ரத்தானது. அப்பாடா என்று அவர் உட்காருவதற்குள் மகள் ஓடிவந்தாள்.

"அப்பா! யாரோ உங்க கணக்குக்குள்ள பூந்து சம்மதத்தை ரத்து பண்ணியிருக்காங்க! நல்லவேளை, மறுபடியும் குடுத்துட்டேன்."

வங்கியில் தன் போன் எண்ணையே பதிந்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தார். அதற்கும் நம்பர் மனைவியின் போனுக்குத்தான் வந்தது.

"இது எந்த மாசத்து பில்லுங்க?"

பதற்றத்தில் நம்பரைத் தப்பும் தவறுமாக அடித்தார். திருத்தி அடித்தார்; அதுவும் தப்பு. கணக்கு முடங்கியது. அந்தச் செய்தியும் மனைவிக்கே போனது. அவள் அதைப் படித்துவிட்டு டியூஷன் பிள்ளைகளிடம் திரும்பிக்கொண்டாள். பொழுது போகவில்லை என்று சொல்லி, கொஞ்ச நாளாக மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

கேஷியர் மாடிப்படியில் ஒதுங்கி, வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள். பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் கேட்டு முடித்தாள்.

"உங்களுக்கு என்ன உதவி வேணும் சார்?"

"என் பொண்ணு மாதிரி நினைச்சுக் கேக்கறேம்மா. அந்தச் சேமிப்புக் கணக்கை மட்டும் இன்னிக்கே மூடிடு. எனக்கு வேலை போனது என் சம்சாரத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா."

வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார்... இதுல இருந்த உங்க பணம் எப்பவோ தீர்ந்துபோச்சு. மாசாமாசம் சம்பளத்துக்கு முந்தின நாள் இதுல பணம் போடறதே உங்க வீட்டம்மாதான்."