கிழட்டுக் கரடி வாய் திறக்கவில்லை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ரெய்யோ மாமாவுக்கு,

தண்டர் பே நகரிலிருந்து ஐலா எழுதுவது. இதை யாரிடமும் காட்டாதீர்கள், படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். ஏரிக்கரைக் குடிசையில் நலமா, மீன் கடிக்கிறதா? அங்கே போன் எடுக்காது என்பதால்தான் போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறேன்.

மாமா, உங்களை நீக்கிவிட்டார்கள். நீக்கியது நான்தான்.

தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ண ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தீர்களே, அந்தச் 'சிட்டு' குழுவில் நானும் இருக்கிறேன், கிழட்டுக் கரடி என்ற பெயரில். பதினான்கு வயது என்றால் மதிக்க மாட்டார்கள் என்று அப்படி வைத்தேன். எல்லாரும் என்னை ஓய்வுபெற்ற என்ஜினியர் என்று நினைத்து முதுகுவலிக்கு மருந்து சொல்கிறார்கள். தீர்மானம் போடுவது எப்படி என்று பழகிப் பார்க்க, "ரெய்யோவைத் தலைமையிலிருந்து விடுவிக்கலாம்" என்று தட்டினேன், அழிப்பதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், மறந்துபோனேன். மூன்று நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் எல்லாரும் சம்மதித்ததாக அர்த்தம் என்பது நீங்கள் போட்ட விதிதானே மாமா? யாரும் மறுக்கவில்லை. யாரும் படிக்கவே இல்லை. நீங்களோ ஏரியில்.

தீர்மானம் நிறைவேறியது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கே வந்தது. படிக்காதவர்கள் எல்லாம், வருடக்கணக்காக நாங்கள் இதைத்தானே சொல்லிவந்தோம் என்றார்கள். ஒருவருடைய திருத்தத்துக்குக் கீழே 'நன்றி' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்தீர்களாம், அது ஆணவமாம். கூண்டை உடைத்துப் பறக்கும் குருவி படத்தோடு 'சமூகம் பேசிவிட்டது' என்று சுவரொட்டி வந்தது. பயந்துபோய், அது வெறும் பயிற்சி, விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். கரடியை யாரோ மிரட்டி எழுத வைக்கிறார்கள் என்று கொதித்துவிட்டார்கள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

மாமா, அந்தச் சுவரொட்டியைச் செய்தது அப்பாதான், அவரும் குழுவில் இருக்கிறார். சவுனாவில் நீராவிக் குளியல் முடித்துத் துண்டோடு வந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் சொன்னார்:

"உன் தம்பி கெட்டவன் இல்லடி. ஆனா சமூகம்னு ஒண்ணு இருக்குல்ல."

"உங்களுக்குக் குருவிக்கும் காக்காவுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"அதெல்லாம் தெரிய வேண்டிய கட்டத்தைத் தாண்டியாச்சு. அந்தக் கரடியைப் பாரு, எழுபது வயசு இருக்கும். மிரட்டியும் அசையல மனுஷன்."

எழுபது வயது மனுஷனுக்குத் தொண்டையில் உருளைக்கிழங்கு சிக்கிக்கொண்டது.

மாமா, உடனே ஊருக்கு வாருங்கள். குழுவில் வந்து 'மறுக்கிறேன்' என்று நீங்களே எழுதினால் ஒருவேளை கேட்பார்கள். அம்மா கேட்டால் நான் சொன்னதாக மட்டும்... கதவைத் தட்டுகிறார்கள், யாரோ

பி.கு.: அப்பாதான். திட்ட வரவில்லை, சந்தோஷம் தாங்காமல் வந்தார். கிழட்டுக் கரடியைப் புதிய தலைவராக அவர் முன்மொழிந்து மூன்று நாள் ஆகிறதாம், கரடி மறுக்கவே இல்லையாம். "வாயே தொறக்கல பாரு, என்ன ஒரு அடக்கம்" என்று கண் கலங்கினார். நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, மாமா.

மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், வரவே வராதீர்கள், நீங்கள் வந்தால் எல்லாரும் குழுவை எட்டிப் பார்ப்பார்கள். உங்களைத் திரும்பத் தலைவராக்கும் தீர்மானத்தை இப்போதுதான் போட்டேன். இனி மூன்று நாள் யாரும் எதையும் படிக்காமல் இருக்க வேண்டும்.