குடியிருப்பவர் என்பவர் யாரெனில்

வாடகை வீட்டில் பூச்சி வந்தால் மருந்து அடிக்க வேண்டியவர் வீட்டுக்காரரா, குடியிருப்பவரா? மனிதகுலத்தை வாட்டிவந்த இந்தக் கேள்விக்கு, வாடகை நல அலுவலகத்தில் ஆறு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டு விடை எழுதியவர் நம் எழுத்தர். எதற்கெடுத்தாலும் வரையறை கேட்பார் என்பதால் சக ஊழியர்கள் அவரை 'வரையறையார்' என்றார்கள். அவர் அதைப் பாராட்டு என்றே நம்பிவந்தார்.

விதி பதினான்கு இப்படிப் போகிறது: "பூச்சியானது குடியேற்றத்துக்கு முன் பிறந்ததெனில் வீட்டுக்காரரும், பின் பிறந்ததெனில் குடியிருப்பவரும் பொறுப்பாவர். பிறந்த தேதி தெரியாதவிடத்து, தெரியும்வரை எவரும் பொறுப்பாகார்." விதி பதினைந்து, பூச்சியே சாட்சியம் என்பதால் விசாரணை முடியும்வரை அதைக் கொல்லக் கூடாது என்கிறது. இரண்டையும் எழுதி முடித்த அன்று மதியம், மனுதாரர் பெஞ்சில் வழக்கம்போலக் கால் நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கினார். மனுதாரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரமே அவர் வீட்டில் மூட்டைப்பூச்சி. மகளின் முதுகெல்லாம் தடிப்பு.

"மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"நான் கூப்பிட்டா பொறுப்பை ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நசுக்கவாவது விடுங்க."

"அது சாட்சிம்மா."

"இந்த விதியை எழுதின மகராசன் யாரு?"

அவர் அடக்கமாகத் தலை குனிந்தார். பத்தாம் நாள் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும். முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க."

மகள் சத்தம் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பூச்சியைக் காயம் படாமல் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு மாடி ஏறினார். மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"இது எப்போ பிறந்துச்சு தம்பி?"

"தெரியலைங்கம்மா."

"தெரியும்வரை?"

"எவரும் பொறுப்பாகார்" என்று வரையறையார் தன்னையறியாமல் ஒப்பித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ரெண்டு பேருமா சேர்ந்து அடிச்சிடலாமே?" என்றார்.

"போன வாரம் கரப்பானுக்கு நானும் அதைத்தான் கேட்டேன். உங்க ஆபீஸ்லதான் விதியில இடமில்லைன்னாங்க."

வேறு வழியில்லாமல் தன் அலுவலகத்துக்கே மனுப் போட்டார். ஊழியரானாலும் மனுதாரர் பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும்; அதுவும் அவர் எழுதியதே. பெஞ்சில் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அடிக்கவில்லை. விதி தெரிந்த ஜனங்கள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மனைவி போன முப்பத்தொன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டார்கள்.

"வீட்ல யார் யார் குடியிருக்கீங்க சார்?" என்று கேட்டார், தினமும் அவரோடு சாப்பிடும் அடுத்த மேசைக்காரர்.

"நான், மனைவி, மகள்."

"அவங்க போய் எத்தனை நாள்?"

"முப்பத்தொண்ணு."

"முப்பது தாண்டினா குடியிருப்பவர் இல்ல சார். நீங்க எழுதினதுதான். பேரை அடிச்சுடுறேன். பூச்சி எத்தனை நாளா இருக்கு?"

"நாப்பத்தொண்ணு. ஒரு நாள்கூட வெளிய போகலை."

"சாப்பாடு?"

"என்கிட்டதான்."

"இருக்கவும் செய்யுது, குடிக்கவும் செய்யுது. குடியிருப்பவர்ல சேர்த்துடுறேன் சார்."

மேசைக்காரர் எழுதி நீட்டிய குடியிருப்புச் சான்றிதழில் ஒரு பிழையாவது இருக்குமா என்று வரையறையார் தேடினார். இல்லை. கண்ணில் நீர் முட்டியது. பெருமையாலா, துக்கத்தாலா என்று அவரால் வரையறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன, மருந்து நெடி. வாசலில் மனைவியும் வீட்டுக்கார அம்மாவும் நின்றிருந்தார்கள்.

"காலையில டீச்சரம்மா போன் பண்ணாங்க, வந்தேன், அடிச்சோம். அரை மணி நேர வேலை" என்றாள் மனைவி.

"யார் பொறுப்புல அடிச்சீங்க?"

"மருந்து யார் கையில இருந்துச்சோ, அவங்க பொறுப்புல" என்றார் டீச்சர்.

மாடிப்படியிலிருந்து "அப்பா!" என்று மகள் ஓடிவந்தாள். கையை விரித்துக்கொண்டு போனவரை மனைவி மறித்தாள். அவருடைய காலரில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"எங்க உக்காந்துட்டு வரீங்க?"

"மனுதாரர் பெஞ்சுல."

"மதியம் தூங்குவீங்களே, அதேயா?"

அவர் தலையாட்டினார். கரப்பானுக்கும் எலிக்கும் மனுவோடு வந்தவர்களெல்லாம் ஆறு வருடமாக அந்தப் பெஞ்சிலிருந்து ரசீதோடு இரண்டு மூட்டைப்பூச்சியும் வாங்கிப் போயிருக்கிறார்கள். நாமும் அங்கே உட்கார்ந்து வந்தவர்கள்தானே.

"சரி, அதை நசுக்கிட்டு, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க."

"நசுக்கலாம்தான். ஆனா இது எப்போ பிறந்துச்சுன்னு..."

"அப்போ தெரியும்வரை வெளியவே இருங்க" என்று மகளை இழுத்துக்கொண்டு மனைவி கதவைச் சாத்தினாள்.

அவர் படியில் உட்கார்ந்தார். கழுத்தில் சுருக்கென்று கடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் கத்தினாள்: "அடிங்கப்பா! அடிச்சா உள்ள வரலாமாம்!"

வரையறையார் கையை ஓங்கினார். விதி பதினைந்து நினைவுக்கு வந்தது. ஓங்கிய கையை இறக்கி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.