நேராக ஒரு துளை போட

நான் ஒரு பல் மருத்துவன். பிறரை வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவன். என் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

மகள் போனில் அந்த நல்ல செய்தியைச் சொன்னபோது என் மனைவி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். நான் போனைப் பிடுங்கி, "தொட்டில் எதுவும் வாங்கிடாதீங்க. தாத்தாவே தன் கையால செஞ்சு எடுத்துட்டு வருவேன்" என்று அறிவித்தேன். தாத்தா என்று என்னை நானே சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்தில் அதோடு நிறுத்தத் தெரியவில்லை. "அதுவும் ஒரு ஆணிகூட அடிக்காம" என்று சேர்த்துக்கொண்டேன். மருமகன் போனில் கைதட்டினார். மனைவி கைதட்டவில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே என் பட்டறை இருக்கிறது. பட்டறை என்பது நான் வைத்த பெயர். மனைவி அதைப் பொந்து என்பாள். உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும். அதனால் குனிந்தேதான் வேலை செய்வேன். வீட்டின் மற்ற இடங்களிலும் அதுதான் வழக்கம் என்பதால் பெரிய சிரமம் தெரியவில்லை.

தொட்டில் என்பது சொல்லும்போது சுலபம். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இரண்டிலும் வரிசையாகத் துளைகள், துளைகளில் செருக உருண்டையான குச்சிகள். கையில் பிடிக்கிற டிரில்லை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துளை போட்டேன். குச்சிகளைச் செருகிப் பார்த்தேன். ஒன்று கிழக்கே சாய்ந்தது. ஒன்று மேற்கே சாய்ந்தது. நடுவில் இருந்த இரண்டும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

என் மனைவி வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். அளவு நாடா எந்நேரமும் அவள் கழுத்தில் மாலையாகக் கிடக்கும். வாசலில் நின்றபடியே உள்ளே இருக்கிற கோணலைச் சொல்லிவிடுவாள். அன்றைக்கும் பொந்தின் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்குக் கம்பி கட்டணும் போலிருக்கே."

"கிண்டல் பண்ணாதே. கருவி சரியில்லை."

"நாள் முழுக்கத் துளை போடுற கைதானே?"

"பல்லு வேற, மரம் வேற."

"ஆமா. பல்லுன்னா வலிக்குதுன்னு சொல்லிடும். மரம் பாவம்."

அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு டிரில் பிரஸ் வாங்கிவிட வேண்டும். கையில் பிடிக்கிற டிரில் நம் கை ஆடினால் தானும் ஆடும். டிரில் பிரஸ் அப்படியல்ல. ஒரு இரும்புத் தூண், அதன் தலையில் மோட்டார், நடுவே ஒரு மேஜை. மரத்தை மேஜையில் வைத்துப் பிடியை இழுத்தால் முனை செங்குத்தாக இறங்கும். கோணலாகப் போட ஆசைப்பட்டாலும் அது விடாது. என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ கண்டுபிடித்தது.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு டிரில் பிரஸ்ஸும் பரிமாறப்பட்டது. நானே பரிமாறினேன். தூணுக்கும் முனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும், கடின மரத்துக்கு ஏன் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு பெல்ட்டை எந்தக் கப்பியிலிருந்து எந்தக் கப்பிக்கு மாற்ற வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். கேட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அங்கேதான் பிழை செய்தேன்.

இதற்கு நடுவே அவள் ஒரு பேச்சை எடுப்பதும் நான் அதைத் தட்டிக் கழிப்பதும் நடந்துகொண்டிருந்தது. பிரசவத்துக்கு அவள் மகள் வீட்டுக்குப் போகிறாள். நானும் கூட வந்து ஒரு மாதம் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மகள் இருக்கும் ஊர் ரயிலில் ஒரு நாள் பயணம். தொட்டிலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு இரண்டாம் நாளே திரும்பிவிடுவதாக இருந்தேன். நான் ஒரு மாதம் இல்லாவிட்டால் ஊரில் ஒருத்தருக்கும் பல் மிஞ்சாது என்று காரணம் சொன்னேன். அது சொத்தைக் காரணம்தான். சொத்தையைப் பற்றி எனக்குத் தெரியாதா? உண்மை என்னவென்றால், கிளினிக்கைப் பூட்டிவிட்டு எங்கேயாவது சும்மா இருந்து எனக்குப் பழக்கமே இல்லை. அதை எப்படிச் செய்வது என்று தெரியாது. இதை அவளிடம் சொல்லவும் தெரியாது.

சரி, டிரில் பிரஸ்ஸுக்கு வருகிறேன். அதில் இரண்டு வகை. மேஜைமேல் வைக்கிற சின்னது ஒன்று. தரையில் நிற்கிற, ஆள் உயரப் பெரியது ஒன்று. என் பொந்துக்குச் சின்னதே போதும். ஆனால் நேராகப் போய்ச் சின்னதைக் கேட்டால் கிடைக்காது. முன்பு ஆசையாக வாங்கிய இழைப்புளி இப்போது காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது. மரத்தை இறுக்கிப் பிடிக்க வாங்கிய பட்டறைப் பிடி பாத்ரூமில் பற்பசையின் கடைசிச் சொட்டைப் பிழிகிறது. இந்த நிலைமையில் இன்னொரு கருவி என்றால் அவள் கேள்விகளாலேயே என்னைத் துளைத்தெடுத்துவிடுவாள்.

ஆகவே தொழில் தந்திரம் ஒன்றைக் கையில் எடுத்தேன். வேர் சிகிச்சைக்கு வருகிறவரிடம் முதலிலேயே மூன்று தடவை வர வேண்டும் என்று சொன்னால் முகம் சுருங்கும். ஐந்து தடவை ஆகலாம் என்று ஆரம்பித்து, அப்புறம் யோசிக்கிற மாதிரி யோசித்து, "உங்களுக்கு மூணுலயே முடிச்சிடலாம்" என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். அவளுக்கும் அதே வைத்தியம். முதலில் பெரிய மெஷினைக் காட்டுவது. அவள் பயந்து வேண்டாம் என்பாள். நான் மனமுடைந்து நிற்பேன். அவள் இரக்கப்பட்டு, போனால் போகிறது, சின்னதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பாள். நானாகக் கேட்டதாகவே இருக்காது.

ஒரு மாலை மெஷின் கடைக்கு அவளை அழைத்துப் போனேன். கடைக்காரர் சுவாரஸ்யமில்லாத மனிதர். எதைக் கேட்டாலும் மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டுவார். சின்ன மெஷின்கள் இருந்த பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கடைக்கோடியில் நின்ற ராட்சசனிடம் போனேன். என்னைவிட உயரம். என் சம்பந்தியைவிடக் கனம்.

"இதுதான்" என்றேன், குரலில் உறுதியை வரவழைத்துக்கொண்டு.

மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முனையைப் பிடித்துக்கொள்ளும் ‘சக்’ என்ற பாகத்தைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. கழுத்து நாடாவை எடுத்துத் தூணுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்தாள். துளை வேண்டிய ஆழத்தோடு நின்றுகொள்ளத் திருகு இருக்கிறதா என்று கேட்டாள். பெல்ட்டை எத்தனை வேகத்துக்கு மாற்றலாம் என்று கேட்டாள். கடைக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்து பேசினார். என்னிடம் அல்ல, அவளிடம்.

இவள் பயப்படுகிற மாதிரி தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதையே எடுத்துக்கலாம்."

"எதை?"

"நீங்க காட்டினதைத்தான்."

"கொஞ்சம் பெரிசா இல்ல?"

"பேரப்பிள்ளை தொட்டில். சின்னதா யோசிக்கக் கூடாதுங்க."

வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். கலந்து பேச என்ன இருக்கிறது, நீங்கள்தானே ஆசைப்பட்டீர்கள் என்று வழி நெடுகக் கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நாடாவோடு பொந்துக்குள் போனாள், வெளியே வந்தாள். அதன் உயரத்துக்குப் படிக்கட்டு இடிக்கும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அடடா, அப்படியானால் பெரியது முடியாது போலிருக்கிறதே என்று வருந்தத் தயாரானேன். அவள் அதற்குள் கூடத்துக்குப் போய்விட்டாள். டிவிக்குப் பக்கத்தில் அளந்தாள், உதட்டைப் பிதுக்கினாள். படுக்கையறைக்குப் போனாள். கட்டிலில் நான் படுக்கிற பக்கத்தை அளந்தாள். அங்கேயே நின்றாள்.

"இங்க சரியா உக்காரும்."

"அங்க நான் படுக்கிறேன்."

"நீங்க கூடத்துல படுத்துக்கோங்க. குழந்தைக்காகத்தானே?"

மறுநாள் முழுக்க நான் என் மெஷினுக்கு எதிராக வாதாடினேன். இத்தனை வாரம் அதன் பெருமையைப் பாடிய அதே வாய். தரை தாங்காது என்றேன். நமக்குக் கீழே வீடே இல்லையே, தரைத்தளத்தில்தானே இருக்கிறோம் என்றாள். கரண்ட் அதிகம் இழுக்கும் என்றேன். தொட்டில் முடிகிற வரைக்கும்தானே என்றாள். சத்தம் என்றேன். நான் விடுகிற குறட்டைக்கு அது பரவாயில்லை என்றாள். கடைசியில் வேறு வழியில்லாமல், தொட்டில் குச்சிக்குத் துளை போடச் சின்னதே போதும், பெரியது கப்பல் கட்டுகிறவர்களுக்கு என்று உண்மையைச் சொன்னேன்.

அவள் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மடியில் இறக்கினாள்.

"சின்னது போதும்கறீங்க."

"போதும்."

"எனக்கு மனசே வரலைங்க. பெரிசைப் பார்த்துட்டு வந்தாச்சு."

"நீ கொஞ்சம் மனசு வச்சா ஆகும்மா."

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். கூடத்தில் படுக்கும் என் எதிர்காலம் என் கண்முன் பாய் விரித்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"சரி. சின்னதே வாங்கிக்கலாம். நான் விட்டுக்கொடுத்தேன்ல, நீங்களும் ஒண்ணு விட்டுக்கொடுங்க. கிளினிக்கைப் பூட்டிட்டு ஒரு மாசம் என்கூட வந்து பொண்ணு வீட்ல இருங்க."

என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. ராட்சசன் ஒழிகிறான். நான் ஆசைப்பட்ட மெஷின் வருகிறது. படுக்கை பிழைக்கிறது. கேட்கிற விலை ஒரு மாதம். கொஞ்சம் தயங்குகிற மாதிரி தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டேன். வைத்தியம் சற்றுச் சுற்றி வளைத்துப் போனாலும் கடைசியில் பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்தேன். அவள் மறுபடியும் திரைச்சீலையைத் தைக்க ஆரம்பித்தாள். முகம் ஊசியின்மேல் குனிந்திருந்ததால் அதில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

சின்ன மெஷின் வந்து பொந்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் துளையை நான் போட்டேன். நேராக விழுந்தது. அதில் குச்சியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் பிடியைக் கேட்டாள். கொடுத்தேன். மறுபடி என் கைக்கு அது வரவே இல்லை. அவள் அளந்து குறிப்பாள், பிடியை இழுப்பாள். நான் மரத்தை ஆடாமல் பிடித்துக்கொள்வேன், மரத்தூளை ஊதுவேன். அந்தச் சின்னப் பொந்தில் தோள் இடிக்க நின்று வேலை செய்த மாலைகளில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் குழந்தை யார் ஜாடையில் இருக்கும் என்பதுதான். காது என்னுடையதாக இருந்துவிடக் கூடாதே என்று அவள் கவலைப்பட்டாள். பல் வரிசை அவளுடையதாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவள் கொஞ்சம் சிவந்தாள்.

தொட்டில் முடிந்தது. ஒரு ஆணி இல்லை. கழற்றி ரயிலில் எடுத்துப் போகிற மாதிரி இருந்தது.

இனி நோயாளிகளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் நான் இல்லை என்றால் பதறிப்போவார்கள். மறுநாள் முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டும் என்று நான் எப்போதோ சொல்லி, அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர். அன்றைக்குத் தானாகவே வந்து நாற்காலியில் சாய்ந்து, எடுத்துவிடுங்கள் என்றார்.

எடுத்து முடித்து, பஞ்சைக் கடிக்கச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டேன். அடுத்த மாதம் நான் ஊரில் இருக்க முடியாத ஒரு சூழ்நிலை என்று வருத்தமாக ஆரம்பித்தேன்.

அவர் பஞ்சைக் கடித்தபடியே கையை ஆட்டினார். "தெரியும் டாக்டர். அதனாலதான் இப்பவே வந்தேன். நீங்க இல்லாதப்போ உங்ககிட்ட வேலை கத்துக்கிட்ட அந்தச் சின்ன டாக்டரம்மா வந்து பார்த்துக்குவாங்களாமே. நல்ல பொண்ணுதான், ஆனா எனக்கு உங்க கைதான் பழக்கம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"உங்க வீட்டம்மாதான். எங்க வீட்டுக்குத் திரை தைக்க அளவெடுக்க வந்தப்போ சொன்னாங்க. உங்க பொண்ணு விசேஷம் சொன்ன அதே வாரம். டாக்டர் ஒத்துக்குவாரான்னு நான்கூடக் கேட்டேன். 'எதையாவது வாங்கணும்னு ஆசைப்படுவார், அப்போ பார்த்துக்கலாம்'னாங்க."

இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவர் எழுந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அக்கறையாக என்னைப் பார்த்தார்.

"உங்ககிட்ட எப்போ சொன்னாங்க டாக்டர்?"